வாசகர் கேள்வி – பதில்: அதிகாரத்தை நம்பாதவர்கள் எழுதிய சட்டம்

அமெரிக்கக் குடியரசு எந்தக் கொள்கைகளின் மேல் எழுப்பப்பட்டது, அக்கொள்கைகள் குடிமக்களிடம் எதைக் கேட்கின்றன என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் உயிர் வாழும் உரிமை, சுதந்திரம் ஆகியவற்றோடு ‘மகிழ்ச்சியை நாடும் உரிமை’யும் இடம்பெற்றிருக்கிறது. ஒருவருடைய மகிழ்ச்சிக்கு அரசு எப்படிப் பொறுப்பேற்க முடியும்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: மகிழ்ச்சியைத் தருவதாகப் பிரகடனம் வாக்களிக்கவில்லை. அதை நாடிச் செல்லும் வழியில் அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ‘மகிழ்ச்சி’ என்ற அந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருளைவிட அகலமானதாக இருந்தது. மனத்துக்குத் தோன்றிய இன்பத்தை அது குறிக்கவில்லை. ஒருவர் தம் அறிவையும் உழைப்பையும் கொண்டு நேர்மையாக வாழ்ந்து அடையும் நிறைவை அது குறித்தது. உயிர், சுதந்திரம், உடைமை என்று ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக் வகுத்த வரிசையை, பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் நன்கு அறிந்திருந்தார். 1776 ஜூனில் ஜார்ஜ் மேசன் வரைந்த வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தில் உடைமையும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. சில வாரங்கள் கழித்து, 33 வயதான ஜெஃபர்சன், உடைமையை விட்டுவிட்டு மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்த ஒரு தொடர் பெற்ற புகழில் அதற்கு அடுத்து வரும் வரிகள் மறைந்துபோயின என்பது என் நெடுநாள் வருத்தம். அந்த உரிமைகளைக் காப்பதற்காகவே மனிதர்கள் அரசை அமைக்கிறார்கள், ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்துதான் அரசு தன் நியாயமான அதிகாரத்தைப் பெறுகிறது என்று பிரகடனம் தொடர்கிறது. அற்பக் காரணங்களுக்காக நெடுநாள் நிலைத்த அரசை மாற்றிவிடக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. ஆனால், நீண்ட தொடர்ச்சியான அத்துமீறல்களால் மக்களைக் கொடுங்கோன்மைக்குள் தள்ளும் அரசைத் தூக்கியெறிவது அவர்களுடைய உரிமை என்று சொன்ன கையோடு, அது அவர்களுடைய கடமை என்றும் எழுதுகிறது. உரிமையும் கடமையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இடம் அது. ஆவணத்தின் கடைசி வரியில், அதில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் உயிரையும் செல்வத்தையும் மானத்தையும் ஒருவருக்கொருவர் பிணையாக வைக்கிறார்கள். பிரிட்டிஷ் மன்னருக்கு எதிரான அந்தச் செயல் தோற்றிருந்தால் அது ராஜத் துரோகம், அதற்குத் தண்டனை தூக்கு என்பதைக் கையெழுத்திட்ட 56 பேரும் அறிந்திருந்தார்கள்.

கேள்வி: எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தார். அப்படியிருக்க, அந்த வாசகத்தை நாம் ஏன் மதிக்க வேண்டும்? (ஆசிரியர் ஒருவர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தணிப்பதற்காக எதையும் எழுதப் போவதில்லை. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்துக்காக மன்னரைக் கண்டித்து அவர் பிரகடன வரைவில் எழுதிய ஒரு பத்தியை, பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் நீக்கியது. அதை எழுதிய பிறகும் அவர் தம் தோட்டத்து மனிதர்களில் ஒரு சிலரைத் தவிர மற்றவர்களை விடுவிக்கவில்லை. 1787இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால், பிரதிநிதிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்க்க அது வழி செய்தது. 1808 வரை அடிமை வணிகத்தைத் தடைசெய்யக் காங்கிரஸுக்கு அதிகாரம் மறுத்தது. தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்கவும் கட்டளையிட்டது. சொல்லைத் தவிர்த்தவர்கள் செயலைத் தவிர்க்கவில்லை. தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தச் சொல்லைத் தவிர்த்ததே சான்று.

அந்த வாசகத்தை ஏன் மதிக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கான பதிலை எழுதியவர்களிடம் தேடினால் கிடைக்காது. அதைப் படித்தவர்களிடமும் கேட்டவர்களிடமும் தேட வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஜான் ஆஷ்லி என்பவரின் வீட்டில் பெட் என்று அழைக்கப்பட்ட ஓர் அடிமைப் பெண் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மாநிலம் 1780இல் இயற்றிய தன் அரசமைப்புச் சட்டத்தில், எல்லா மனிதர்களும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தின்படி தமக்கு விடுதலை வேண்டும் என்று பெட், தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரை நாடினார். 1781இல் கிரேட் பேரிங்டன் ஊரின் நீதிமன்றத்தில் ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள், அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். அவர் எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூடிக்கொண்டார். ‘ஃப்ரீமன்’ என்பதற்குச் சுதந்திர மனிதர் என்று பொருள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் குவாக் வாக்கர் என்ற இன்னொருவரின் வழக்கும் அதே வாசகத்தின் மேல் நின்று வென்றது. அத்துடன் அந்த மாநிலத்தில் அடிமை முறை சட்டத் துணையை இழந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்த இடத்தில், அது தம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று எழுத்தறியாத ஒரு பெண் வாதிட்டாரே, அதற்கு ஈடான குடிமைச் செயலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதே வழியில்தான் மற்றவர்களும் வந்தார்கள். 1848இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில் கூடிய பெண்கள், பிரகடனத்தின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லா ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார்கள். அடிமை நிலையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராசெஸ்டர் நகரில் பேசியபோது, உங்கள் சுதந்திர நாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டு அவையை உலுக்கினார். எனினும், பிரகடனத்தின் கொள்கைகளைக் கைவிடச் சொல்லவில்லை, அவற்றைக் காப்பாற்றுங்கள் என்றே கேட்டார். 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், அந்தப் பிரகடனத்தை நாடு எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் என்று வர்ணித்து, கறுப்பின மக்களுக்கு அதன் தொகை இன்னும் வழங்கப்படவில்லை என்றார். வாசகம் பொய் என்று ஒதுக்கியிருந்தால் கணக்குக் கேட்க அவர்கள் கையில் எந்தப் பத்திரமும் இருந்திருக்காது.

கேள்வி: சுதந்திரம் பெற்ற பத்துப் பதினோரு ஆண்டுகளிலேயே புதிய அரசமைப்புச் சட்டம் எழுத வேண்டிய தேவை என்ன வந்தது? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்)

பதில்: முதல் ஏற்பாடு அதிகாரத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறிக் கட்டுப்போட்டுவிட்டது. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, காங்கிரஸால் வரி விதிக்க முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்க மட்டும் முடியும். தனி அதிபரும் இல்லை, முழு அளவிலான மத்திய நீதிமன்றங்களும் இல்லை. விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் இசைய வேண்டும் என்பதால், இறக்குமதிப் பொருள்களுக்குச் சிறிய வரி விதிக்கும் திட்டத்தை ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் தனியாக நின்று தடுத்துவிட்டது. போரில் பங்கேற்ற வீரர்களுக்குச் சம்பள பாக்கி நின்றது.

1786இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்த விவசாயிகள், விடுதலைப் போரில் படை அதிகாரியாக இருந்த டேனியல் ஷேஸ் போன்றவர்களின் தலைமையில் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி அணிவகுத்தார்கள். அதை அடக்கிய மாநிலப் படைக்கான செலவை பாஸ்டன் வணிகர்களே கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விவசாயிகளின் குறை உண்மையானது என்பதே என் கருத்து. ஆனால் அதைக் கேட்டுத் தீர்க்கவும் கலகத்தை அடக்கவும் காங்கிரஸுக்கு வலுவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில், ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில், புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதிய மாநாடு தொடங்கியது. 55 பேர் அதில் பங்கேற்றார்கள், செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எந்தச் சட்டமும் எளிதில் நிறைவேறுவதில்லை. இரு அவைகள், அதிபர், நீதிமன்றம் என ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இது அமைப்பின் குறை அல்லவா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

பதில்: அது தெரிந்தே வைக்கப்பட்ட தடை. மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசே தேவைப்படாது என்றும், தேவதூதர்கள் மனிதர்களை ஆள்வதாக இருந்தால் அந்த அரசுக்குக் கட்டுப்பாடு எதுவும் தேவைப்படாது என்றும் ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். புதிய சட்டத்தை மக்கள் ஏற்கும்படி வேண்டி அவரும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜான் ஜேயும் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் 51ஆவது கட்டுரையில் இந்த வரிகள் வருகின்றன. நல்லவர்கள் பதவிக்கு வருவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் அவர் அரசைக் கட்டவில்லை. பதவியில் இருப்பவரின் ஆசையை இன்னொரு பதவியில் இருப்பவரின் ஆசையைக் கொண்டே கட்டுப்படுத்தலாம் என்று கணக்கிட்டார். கீழவைப் பிரதிநிதிக்கு இரண்டு ஆண்டு, அதிபருக்கு நான்கு ஆண்டு, மேலவையான செனட்டின் உறுப்பினருக்கு ஆறு ஆண்டு, நீதிபதிக்கு நன்னடத்தை உள்ளவரை என்று பதவிக் காலங்களை வேறுபடுத்தியதும் ஒரே நாளின் ஆவேசத்தில் எல்லாப் பொறுப்புகளும் ஒரே கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. தீமையைத் தடுக்கும் தடையே நன்மையையும் தடுக்கும். வன்கொலைக் கும்பல்களைத் தண்டிக்கும் மத்தியச் சட்டத்தையும், கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான சட்டங்களையும் செனட் பல பத்தாண்டுகள் முடக்கி வைத்தது. அதற்குப் பயன்பட்ட, வாக்கெடுப்புக்கு விடாமல் பேசிக்கொண்டே இருக்கும் முடிவில்லாப் பேச்சு என்னும் உத்தி அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. செனட் பின்னாளில் வளர்த்துக்கொண்ட வழக்கம் அது. ஆகவே, தடைகளில் எது சட்டத்தை எழுதியவர்கள் வைத்தது, எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்த்தே குறை சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. எழுதப்படாத கட்டுப்பாடுகளும் இருந்தன. போர் முடிந்ததும் 1783 டிசம்பரில் அன்னாபோலிஸில் காங்கிரஸின் முன் நின்று வாஷிங்டன் தம் படைத் தலைமையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு முறை அதிபராக இருந்த பின் தாமாகவே விலகினார். அவர் தொடங்கி வைத்த மரபை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் மீறி வென்ற பிறகுதான், 1951இல் நிறைவேறிய 22ஆவது திருத்தம் அதைச் சட்டமாக்கியது.

கேள்வி: பேச்சுரிமை, மத உரிமை போன்றவை அரசமைப்புச் சட்டத்தில் முதலில் இல்லை என்பது உண்மையா? (சட்ட மாணவர்)

பதில்: உண்மை. மாநாட்டின் கடைசி வாரத்தில் ஜார்ஜ் மேசன் உரிமைப் பட்டியல் வேண்டும் என்று கேட்டார். வந்திருந்த மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. அவர் கையெழுத்திட மறுத்தார். அரசுக்குக் கொடுக்காத அதிகாரத்தை அது பயன்படுத்தக் கூடாது என்று எழுதுவது எதற்கு என்று ஹாமில்டன் வாதிட்டார். மாநிலங்களில் நடந்த விவாதங்களில் மக்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மாசசூசெட்ஸில் 187க்கு 168 என்ற அளவில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் திருத்தங்களுக்கான பரிந்துரையோடு. தொடக்கத்தில் தயங்கிய மேடிசன், 1789இல் முதல் காங்கிரஸில் தாமே திருத்தங்களை முன்மொழிந்தார். காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டில் பத்து, 1791 டிசம்பர் 15 அன்று உரிமைகள் சாசனமாக நிலைபெற்றன. சட்டத்தை எதிர்த்துத் தோற்றவர்களுக்கு அமெரிக்கர்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பது போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

எஞ்சிய இரண்டில் ஒன்றின் கதை சுவையானது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தை மாற்றிக்கொண்டால், அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் அது கிடப்பில் போனது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர், அதற்குக் கால வரம்பு விதிக்கப்படவில்லை, இன்றும் ஒப்புதல் அளிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதிச் சாதாரண மதிப்பெண் பெற்றார். பிறகு மாநிலச் சட்டமன்றங்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதத் தொடங்கினார். மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் அளிக்க, முன்மொழியப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1992இல் அது 27ஆவது திருத்தமானது. 2017இல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணைத் திருத்தி உயர்த்தியது.

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஜூரி பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேலை கெடுகிறது, படியும் சொற்பம். சுதந்திர நாட்டில் ஏன் இந்தக் கட்டாயம்? (அமெரிக்காவில் வாழும் வாசகர்)

பதில்: அந்த நாட்டில் சட்டம் குடிமகனிடம் நேரடியாகக் கட்டாயப்படுத்திக் கேட்பவை மிகச் சில. வரி, சட்டத்துக்குக் கட்டுப்படுதல், இளைஞர்களானால் படைப் பதிவு. வாக்களிப்பதுகூடக் கட்டாயமில்லை. அந்தச் சிலவற்றில் ஜூரி பணியும் ஒன்று என்றால் அதற்குக் காரணம் இருக்கும் அல்லவா? மன்னருக்கு எதிராகப் பிரகடனம் அடுக்கிய குற்றச்சாட்டுகளில், ஜூரி விசாரணையின் பயனைப் பல வழக்குகளில் எங்களுக்கு மறுத்தார் என்பதும் ஒன்று.

அதன் வேர் இன்னும் பழையது. நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஸெங்கர் என்ற அச்சகக்காரர், ஆளுநரைக் கண்டிக்கும் செய்தித்தாளை அச்சிட்டதற்காகப் பல மாதங்கள் சிறையில் கிடந்தார். எழுதியது உண்மையா என்பது அன்றைய சட்டத்தில் பொருட்டில்லை. அச்சிட்டார் என்பது மெய்ப்பட்டாலே போதும். 1735இல் அவருக்காக வாதாடிய ஆண்ட்ரு ஹாமில்டன், அச்சிட்டதை ஒப்புக்கொண்டு, உண்மையை எழுதியவரைத் தண்டிப்பீர்களா என்று ஜூரிகளைப் பார்த்துக் கேட்டார். நீதிபதி எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்தப் பன்னிரண்டு பேரும் ஸெங்கரை விடுவித்தார்கள். எந்தப் பதவியும் இல்லாத அந்தப் பன்னிரண்டு பேர் அன்று ஆளுநரைத் தடுத்தார்கள். 1770இல் பாஸ்டனில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற ஆங்கிலேயப் படைவீரர்களுக்காக, ஊரே கொதித்திருந்த வேளையில், ஜான் ஆடம்ஸ் வாதாடியபோது, எட்டு வீரர்களில் ஆறு பேரை முற்றிலும் விடுவித்தவர்களும் அந்தக் குடியேற்றத்தின் ஜூரிகளே. வெறுக்கப்பட்ட மனிதருக்கும் சாட்சியங்களை நிதானமாகக் கேட்கும் காது வேண்டும் என்பதற்காகத்தான் உங்களை அழைக்கிறார்கள். வேலை கெடும் என்பது உண்மை. தக்க காரணம் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கப் பெரும்பாலான நீதிமன்றங்கள் இசைகின்றன, கேட்டுப் பாருங்கள். ஆனால் போய் வாருங்கள்.

கேள்வி: என் மகன் விரைவில் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி ஏற்க இருக்கிறான். நாட்டின் தலைவருக்கா, நாட்டுக்கா, எதற்கு அவன் உறுதி கூறுகிறான்? (ஒரு தாய்)

பதில்: எந்தத் தலைவருக்கும் அல்ல, அம்மா. அமெரிக்காவின் அரசமைப்புச் சட்டத்தையும் மற்றச் சட்டங்களையும் ஆதரித்துக் காப்பேன் என்றும், அவற்றுக்கு உண்மையாக இருப்பேன் என்றும் உங்கள் மகன் சொல்வார். 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் எடுத்த முதல் அதிபர் உறுதிமொழியும் அரசமைப்புச் சட்டத்தைப் பேணிக் காப்பது பற்றியதுதான். அதிபரும் புதுக் குடிமகனும் ஒரே ஆவணத்தைக் காப்பதாகத்தான் வாக்குக் கொடுக்கிறார்கள்.

உங்கள் மகன் உறுதிமொழி ஏற்கும் அறையில் நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1790இல் இயற்றப்பட்ட முதல் குடியுரிமைச் சட்டம் சுதந்திர வெள்ளையருக்கு மட்டுமே வழிவிட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற இந்தியர் குடியுரிமை கேட்டபோது, அவர் அந்தச் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதன் பயனாக, 1946இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. உறுதிமொழி ஏற்கும் நாளுக்கு முன் உங்கள் மகனை அரசமைப்புச் சட்டத்தின் மூல வாசகத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு தோல் தாள்களில் அடங்கிய சிறிய ஆவணம் அது. ஒரு மாலைப் பொழுது போதும். பிறகு திருத்தங்களை, அடிமை முறையை ஒழித்த 13, குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் உறுதிசெய்த 14, இனத்தின் பேரால் வாக்குரிமையை மறுப்பதைத் தடுத்த 15 என்ற எண்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.